மணல்மேட்டுக்குப் பின்னே ஓர் இரவு: மும்பையிலிருந்து கொங்கண் கரைக்குச் சென்று கூடாரம் அடிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கொங்கண் கரையில் கூடாரம் அடித்துத் தங்க விரும்பும் மும்பைக் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் கூடாரத்தை வாங்கிவிடுகின்றன. அடுத்து, தொடர்ச்சியாக மூன்று நாள் விடுமுறை எப்போது வருகிறது என்று பார்க்கின்றன. கடல் எந்த நேரத்தில் எதுவரை ஏறும் என்ற கேள்வி, மூட்டைகளைத் தோளில் சுமந்தபடி மணலில் வந்து நிற்கும்போதுதான் அவர்களுக்கு எழுகிறது. இந்த வழிகாட்டியின் வரிசை வேறு: முதலில் நாள், அடுத்து இடம், அதன் பிறகே பொருள்.

எடுத்துக்காட்டுக்கு ராய்கட் மாவட்டத்தின் ஸ்ரீவர்தன் வட்டத்தில் உள்ள திவேஆகரை எடுத்துக்கொள்கிறேன். நீண்ட கரை, அதையொட்டித் தாழ்வான மணல்மேடுகள், சவுக்குத் தோப்பு, அதற்கும் பின்னால் தென்னையும் பாக்கும் அடர்ந்த ‘வாடி’ எனப்படும் தோட்டங்கள் என்று அடுக்கடுக்காக அமைந்த ஊர் அது. பால்கர் மாவட்டத்தின் கேள்வே, போர்டி போன்ற கரைகளுக்கும் இதே முறை பொருந்தும்.

1. திதி பார்த்து நாள் குறியுங்கள்

பருவத்தைப் பொறுத்தவரை நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி இறுதி வரை உள்ள காலமே உகந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் கொந்தளிப்பும் இருப்பதால் கரையில் தங்கும் எண்ணமே வேண்டாம். அக்டோபரின் வெக்கையும், மார்ச்சுக்குப் பிறகு வரும் புழுக்கமும் குழந்தைகளையும் முதியவர்களையும் இரவில் தூங்கவிடாது.

பருவம் முடிவானதும் பார்க்க வேண்டியது ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் முறை. மேற்குக் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த இறக்கத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருக்கும். மும்பையில் அந்த நாட்களில் உயர் ஓதம் நாலரை மீட்டரைத் தாண்டுவது வழக்கம்; தெற்கே போகப் போக அளவு ஓரளவு குறையும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் மிதமாக இருக்கும்.

கொங்கண் கரையில் ஓதத்தின் நேரத்தைக் கணிக்க ஒரு பழைய கணக்கு உண்டு. திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் உயர் ஓதத்தின் நேரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். அஷ்டமி என்றால் எட்டின் முக்கால் ஆறு. காலையிலும் மாலையிலும் ஆறு மணி அளவில் கடல் நிறைந்திருக்கும், நண்பகலிலும் நள்ளிரவிலும் வடிந்திருக்கும். பௌர்ணமி என்றால் பதினைந்தின் முக்கால் பதினொன்றேகால். பகல் பதினொன்றேகாலையும் இரவு பதினொன்றேகாலையும் ஒட்டிக் கடல் உச்சத்தில் நிற்கும். ஒரு மணி நேரம் முன்பின் ஆகலாம் என்பதால் புறப்படும் முன் அந்த இடத்துக்கான ஓத அட்டவணையை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நாளைத் தேர்ந்தெடுக்க, மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும்.

இந்தக் கணக்கை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. புதியவர்கள் நிலவுக்காகப் பௌர்ணமியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரே அடங்கி அனைவரும் உறங்கும் நள்ளிரவில்தான் அந்த மாதத்தின் மிகப் பெரிய ஏற்றங்களுள் ஒன்று வருகிறது. பௌர்ணமி கழிந்த ஓரிரு நாட்களிலோ அது இன்னும் சற்று மேலே ஏறும். முதல் முறை செல்பவர்கள் சப்தமி முதல் தசமி வரையிலான நாட்களுக்குள் வரும் ஒரு வாரயிறுதியைக் குறித்துக்கொள்வது நல்லது. வளர்பிறையானால் முன்னிரவில் சமைக்கவும் சாப்பிடவும் நிலவொளி கிடைக்கும். நள்ளிரவை ஒட்டி நிலவு மறைந்த பின் விண்மீன்கள் தெளிவாகத் தெரியும்.

2. முகாம் இடத்தைத் தொலைபேசியில் விசாரித்து உறுதி செய்யுங்கள்

கரையில் எங்கு வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம் என்பது பரவலாக உள்ள தவறான எண்ணம். 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளையும் ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. ஆகவே மணல்மேட்டுக்குப் பின்னே, தன் வாடியிலோ அதையொட்டிய மனையிலோ கூடாரத்துக்கு இடம் தரும் ஒருவரிடம் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

பேசும்போது “கடல் தெரியுமா?” என்று கேட்பதை விட்டுவிட்டு வேறு நான்கு செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இடம் மணல்மேட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? கழிப்பறை எவ்வளவு தொலைவில் உள்ளது, அதற்கு இரவில் விளக்கு உண்டா? குடிநீர் குழாயில் வருகிறதா, கிணற்றிலிருந்து வருகிறதா, உப்புச்சுவை இருக்கிறதா? ஒலிபெருக்கி வைக்க அனுமதிக்கிறார்களா? அமைதியை நாடிச் செல்பவர்களுக்குக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. பக்கத்தில் ஒரு பெருங்குழு இரவு முழுவதும் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் மற்ற ஏற்பாடுகள் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. உரிமையாளர்கள் பெரும்பாலும் மராத்தியும் இந்தியும் பேசுவார்கள். ஏற்றத்துக்கு ‘பர்தி’, இறக்கத்துக்கு ‘ஓஹோட்டி’ என்ற இரண்டு சொற்களை மட்டுமாவது தெரிந்துகொண்டு பேசினால் அன்றைய கடலைப் பற்றி அவர்களே விரிவாகச் சொல்லிவிடுவார்கள்.

3. மாலை மூன்று மணிக்குள் போய்ச் சேரும்படி பயணத்தை அமையுங்கள்

மும்பையிலிருந்து திவேஆகர் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பன்வேல், பேண், மாண்காவ், மஸ்ளா வழியாகச் செல்லும் சாலைக்கு நெரிசலையும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 மார்ச்சில் தொடங்கிய ரோரோ கப்பலில் காரையே ஏற்றிச் சென்று, அலிபாக், முருட் வழியாக அகர்தண்டாவை அடைந்து, அங்கிருந்து வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகில் திகிக்குக் கடந்துவிட்டால் திவேஆகர் பக்கத்தில்தான். கடலோரமாகவே செல்லும் இந்த வழி கண்ணுக்கு இனியது. ஆனால் இரண்டு படகுகளின் நேரத்துக்கும் கட்டுப்பட வேண்டும்.

வண்டி இல்லாதவர்களுக்கு மேற்கு ரயில்வேயின் டஹாணு லோக்கல் எளிய வழி. கேள்வே ரோட் நிலையத்தில் இறங்கி ரிக்‌ஷாவில் கேள்வே கரைக்குப் போகலாம். ரயிலில் செல்பவர்கள் எரிவாயு உருளையை, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எடுத்துச் செல்லக் கூடாது. எளிதில் தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுபோவது தண்டனைக்குரிய குற்றம். அடுப்புக்கு முகாம் உரிமையாளரிடமே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மூன்று மணி என்று நான் குறிப்பிடுவது கூடாரத்தை மனத்தில் வைத்துத்தான். குளிர்காலத்தில் ஆறு மணிக்கே வெளிச்சம் குறையத் தொடங்குகிறது. இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம், கூடாரம் அடிக்க ஒரு மணி நேரம், இருட்டுவதற்குள் தண்ணீரும் சமையலும் ஆயத்தமாக ஒரு மணி நேரம் தேவை. இருட்டிய பின் வந்து, கைப்பேசி வெளிச்சத்தில் மணலில் முளை அடிப்பவர்களின் கூடாரம்தான் இரவு இரண்டு மணிக்குச் சரிகிறது.

4. பொருட்களைச் சேர்த்து, வீட்டு மொட்டை மாடியில் ஒரு முறை கூடாரம் அடித்துப் பாருங்கள்

கடலோரக் கூடாரத்துக்கு இரண்டு தன்மைகள் கட்டாயம் வேண்டும்: உள்ளே வலைத்துணி, மேலே தனியாக விரியும் இரண்டாம் விரிப்பு. பனி அந்த மேல்விரிப்பில் படியும். இரண்டுக்கும் இடையே காற்று ஓடுவதால் உள்துணி நனையாது. தொட்டவுடன் தானே விரிந்துகொள்ளும் ஒற்றைத் துணிக் கூடாரங்கள் பகலில் நிழலுக்கு நல்லவை. இரவில் நம் மூச்சின் ஈரமே உள்ளே துளித்துளியாகச் சேர்ந்து விடியற்காலையில் போர்வையை நனைத்துவிடும். நான்கு பேர் தங்க வேண்டுமானால் ஆறு பேருக்கு என்று விற்கப்படும் அளவை வாங்குங்கள்.

கூடாரத்தோடு வரும் ஊசி போன்ற மெல்லிய முளைகள் களிமண்ணில் நிற்கும், மணலில் நிற்கா. அவற்றுக்குப் பதிலாக ஐந்து கிலோ அரிசி கொள்ளும் துணிப்பைகள் எட்டு, இழுத்துக் கட்ட இருபது மீட்டர் நைலான் கயிறு, குழந்தைகள் விளையாடும் அளவிலான ஒரு சிறு மண்வாரி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பைகளின் பயன் ஆறாம் பகுதியில் வருகிறது.

மற்றவை எளியவை: தரைக்குத் தார்ப்பாய், பாய் அல்லது காற்று மெத்தை, ஆளுக்கு ஒரு கம்பளி, தலையில் கட்டும் டார்ச், அதன் மேல் ஒட்டச் சிவப்பு செலோஃபேன் தாள், கொசு விரட்டும் களிம்பு, முழுக்கைச் சட்டை, முதலுதவிப் பெட்டி, ஒரு பழைய பெயின்ட் பிரஷ். கம்பளியைத் தேவையில்லை என்று ஒதுக்காதீர்கள். மும்பையில் மின்விசிறி சுழலும் டிசம்பர் இரவில், பனி இறங்கும் கொங்கண் கரையில் விடியற்காலை நன்றாகவே குளிரும்.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, உங்கள் சொசைட்டியின் மொட்டை மாடியில் கூடாரத்தை முழுவதும் விரித்து, நிறுத்தி, மறுபடி மடித்துப் பையில் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பு எந்தத் துளையில் நுழைகிறது என்பதைக் காற்றில்லாத இடத்தில் கை பழகியிருந்தால்தான் கடற்காற்றில் தடுமாறாது. கம்பு உடைந்திருந்தாலோ ஜிப் பழுதாகியிருந்தாலோ அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

5. இறங்கியதும் கரையைப் படித்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூட்டைகளை வண்டியிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு நீரின் விளிம்பு வரை நடந்து போய், அங்கிருந்து திரும்பி நிலத்தை நோக்கி மெதுவாக நடந்து வாருங்கள். வண்டியை மட்டும் மணலில் இறக்காதீர்கள். ஈரமணல் பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் சக்கரம் புதைந்துவிட்டால் இழுவை வண்டி வருவதற்குள் ஏற்றம் வந்துவிடும். ராய்கட் கரைகளில் இவ்வாறு கார்கள் கடலுக்குள் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

திரும்பி நடக்கும்போது சருகு, சிப்பி, தேங்காய் மட்டை, தெர்மோகோல் துண்டு ஆகியவை வரிசையாக ஒதுங்கிய கோடுகளைக் காண்பீர்கள். ஈரமாகவும் புதிதாகவும் இருக்கும் கோடு இன்றைய ஏற்றம் வந்து நின்ற இடம். புதியவர்கள் இதைப் பார்த்து, இதற்குப் பத்தடி மேலே பாதுகாப்பு என்று கணக்கிடுகிறார்கள். இன்னும் மேலே நடந்தால் காய்ந்து வெளுத்த சருகுக் கோடு ஒன்று, பாதி மணலில் மூடியபடி கிடக்கும். அது அமாவாசை, பௌர்ணமி ஏற்றமோ காற்றடித்த நாளின் அலையோ வந்து தொட்ட எல்லை. பெரும்பாலும் அது மணல்மேட்டின் அடிவாரத்திலேயே, அடும்புக் கொடி தொடங்கும் இடத்திலேயே இருக்கும். மணல்மேட்டுக்குக் கடல் பக்கத்தில் இரவு தங்கத் தகுந்த இடம் எதுவும் இல்லை என்பதை இந்தக் கோடே காட்டிவிடும்.

மணல்மேட்டின் மேலும் தங்கக் கூடாது. ஊதா நிறப் பூவும் இரண்டாகப் பிளந்த இலையும் கொண்ட அடும்பும், முள்முள்ளாக விறைத்து நிற்கும் இராவணன் மீசைப் புல்லுமே அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. பத்துப் பேர் ஒரே தடத்தில் மிதித்து ஏறினால் கொடி அறுந்து மணல் வெளிப்படும். வெளிப்பட்ட இடத்தில் காற்று புகுந்து அதை வாய்க்கால் போலக் குடைந்துகொண்டே போகும். அடுத்த புயலில் கடல் அந்த வாய் வழியாகத்தான் உள்ளே வரும். மேட்டின் அடியில் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்தபடி தேங்கி நிற்பதால்தான் கடலுக்கு அவ்வளவு அருகில் இருந்தும் வாடிகளின் கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. ஆகவே கரைக்குப் போய்வர ஊரார் நடக்கும் ஒரே பாதையையே நீங்களும் பயன்படுத்துங்கள். அந்த மணலில் குழி தோண்டி மலம் கழிக்கும் பழக்கம் அறவே கூடாது. அது போய்ச் சேருவது யாரோ ஒருவர் குடிக்கும் கிணற்றில்.

மேட்டுக்குப் பின்னே, உரிமையாளர் காட்டும் எல்லைக்குள் இடத்தைத் தேடுங்கள். முதலில் நிமிர்ந்து பாருங்கள்: தென்னைக்கு அடியில் வேண்டாம், காய்ந்த கிளை தொங்கும் சவுக்குக்கு அடியிலும் வேண்டாம். பிறகு குனிந்து பாருங்கள்: பள்ளமான இடத்தில் குளிர்ந்த காற்றும் பனியும் தேங்கும். ஐயமிருந்தால் கையால் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். அந்த ஆழத்துக்குள் மணல் சொதசொதவென்று ஈரமாக வந்தால் சற்று மேடான இடத்துக்கு நகருங்கள்.

6. மணலில் கூடாரத்தை நிறுத்துங்கள்

குளிர்காலப் பகலில் கொங்கண் கரையில் காற்று வடமேற்கிலிருந்து, கடலிலிருந்து வீசும். இரவு முதிர்ந்ததும் திசை மாறி நிலத்திலிருந்து மெல்ல வீசும். எல்லோரும் வாசலைக் கடலைப் பார்த்து வைக்கவே விரும்புவார்கள். அப்படி வைத்தால் நான்கு மணிக் காற்று மணலை வாரிக் கூடாரத்துக்குள்ளேயே கொட்டும். தாழ்வான முதுகுப் பக்கத்தை வடமேற்குக்குக் கொடுத்து, வாசலைத் தெற்கு அல்லது தென்கிழக்கில் வையுங்கள்.

தார்ப்பாயை விரித்து, அதன் ஓரங்கள் கூடாரத்தின் அடிப்பகுதிக்கு வெளியே நீளாதபடி உள்ளே மடித்துவிடுங்கள். வெளியே நீண்டால் மேல்விரிப்பிலிருந்து வழியும் பனிநீர் தார்ப்பாயில் விழுந்து கூடாரத்தின் அடிக்குள் ஓடும். அடுத்து உள்துணியை விரித்தவுடன், கம்புகளைத் தொடுவதற்கு முன்பே, கனமான மூட்டைகளை நான்கு மூலைகளிலும் உள்ளே வைத்துவிடுங்கள். இந்த ஒரு செயலைச் செய்யாததால் கூடாரம் பட்டம் போலப் பறந்து சவுக்குக் கிளையில் மாட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனிக் கயிறுகள். காற்று வரும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கூடாரத்திலிருந்து நான்கடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். துணிப்பையில் முக்கால் அளவு மணலை நிரப்பி, அதன் கழுத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பையைக் குழியில் படுக்க வைத்து, கூடாரத்தின் பக்கமுள்ள குழிச்சுவரில் மண்வாரியின் விளிம்பால் சாய்வாக ஒரு கீற்றுக் கிழித்து, கயிறு அந்தக் கீற்றின் வழியாகத் தாழ்ந்த சரிவில் வெளியே வரும்படி விடுங்கள். கீற்று இல்லாவிட்டால் கயிறு குழியின் விளிம்பில் முட்டி நேர்மேலாக எழும். அப்போது ஒவ்வோர் இழுப்பும் பையை மேலே தூக்கும். கயிறு சாய்வாக வந்தால் அதே இழுப்பு பையை மணற்சுவரோடு அழுத்தும்.

குழியை மூடும்போது ஒரே தடவையில் மணலைத் தள்ளிவிடாமல், ஒரு சாண் மணல் போட்டு மிதித்து, சிறிது தண்ணீர் தெளித்து, மறுபடி மணல் போட்டு மிதியுங்கள். பையைப் பிடித்து நிறுத்துவது அதன் மேல் அழுந்திக் கிடக்கும் மணலின் கனமே. பொலபொலவென்று கிடக்கும் உலர்மணல் அந்த வேலையைச் செய்யாது. மூடி முடித்ததும் கயிற்றை உங்கள் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள். அசைந்தால் இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள்.

நான்கு மூலைகளுக்கு நான்கு பைகள், மேல்விரிப்பின் இழுகயிறுகளுக்கு நான்கு பைகள் என்ற கணக்கில் எட்டும் முடிந்த பின், கயிறுகளில் வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டிவிடுங்கள். இரவில் கழிப்பறைக்குச் செல்பவர்கள் தடுக்கி விழுவது இந்தக் கயிறுகளில்தான்.

7. அடுப்பும் சாப்பாடும்

சவுக்கு இலைச் சருகு தரை முழுவதும் மெத்தைபோல் கிடக்கும்; ஒரு பொறி போதும், தோப்பே பற்றிக்கொள்ளும். உரிமையாளர் காட்டும் இடத்தில், சருகை முழுவதும் கூட்டி அகற்றிய வெறுந்தரையில் மட்டும் அடுப்பை வையுங்கள். காற்றுக்கு மறைப்பு வைக்கும்போது எரிவாயு உருளையை மறைப்புக்குள் அடைத்துவிடாதீர்கள். வெப்பம் அதற்குள் தேங்கினால் உருளை வெடிக்கக்கூடும். குளிர்கிறது என்று கூடாரத்துக்குள் அடுப்பையோ கரியையோ ஏற்றக் கூடாது. எரிபொருள் முழுமையாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறங்குபவர் உணராமலே உயிர் போய்விடும்.

விறகு மூட்ட அனுமதி இருந்தால், முடித்த பின் தணலை மணலால் மூடாமல் தண்ணீர் ஊற்றிக் கிளறி அணையுங்கள். மணலுக்கு அடியில் தணல் மணிக்கணக்காகச் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். மேலே ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை வெறுங்காலோடு ஓடும் குழந்தை அதன் மேல்தான் மிதிக்கும்.

முதல் முறை செல்பவர்கள் அங்கே போய்ச் சமைப்பதைக் குறைத்துக்கொள்வது நல்லது. முதல் நாள் இரவுக்குப் புளியோதரை, மறுநாள் காலைக்கு நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஆகிய இரண்டும் கெடாமல் தாங்கும். தேங்காய்ச் சட்னியும் தேங்காய் அரைத்த குழம்பும் காரின் சூட்டிலேயே ஊசிப்போகும். டிகாக்‌ஷனை வீட்டிலேயே இறக்கிச் சிறு பாட்டிலில் அடைத்துக்கொண்டால், ஊரில் பால் வாங்கிக் காய்ச்சினால் போதும். பகல் உணவைத் திவேஆகரின் வீடுகளில் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் சூடாகவே கிடைக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும்.

8. கடலில் இறங்கும் நேரம்

கடல் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தின் முற்பகுதியே குளிக்க ஏற்றது. நீர் கரையை நோக்கி வந்துகொண்டிருக்கும். அஷ்டமி கணக்கில் அது பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கு மணி வரை. கடல் வடியும் நேரத்திலும் கழிமுகத்துக்கு அருகிலும் இழுப்பு மிகுதி என்பதால் நீரில் இறங்காதீர்கள்.

இரு பக்கமும் அலை நுரைத்து உடையும்போது நடுவில் மட்டும் அலையில்லாமல், நிறம் மங்கி, அமைதியாகத் தெரியும் பட்டை ஒன்று இருந்தால் அதைக் குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். பாதுகாப்பானது போலத் தோன்றும் அந்தப் பட்டையில்தான் நீர் கடலுக்குள் திரும்பி ஓடுகிறது. அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, பட்டையைக் கடந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். இருட்டிய பின் எவரும், முழங்கால் அளவுக்குக்கூட, இறங்க வேண்டாம். ஆபத்து உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, கடலில் மீட்புக்குக் கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்களை எல்லோர் கைப்பேசியிலும் முன்பே பதிந்து வையுங்கள்.

9. இரவு

நவம்பர் முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கொங்கண் கரைக்கு வருகின்றன. திவேஆகரும் ஹரிஹரேஷ்வரும் வேளாஸும் அவை வரும் கரைகள். உயர் ஓதக் கோட்டுக்குச் சற்று மேலே, மணல்மேட்டுக்கு முன்னே உள்ள அதே பட்டையில்தான் அவை குழி தோண்டுகின்றன. புதியவர்கள் கூடாரம் அடிக்க ஆசைப்படும் இடமும் அதுவே. வெள்ளை விளக்கைக் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். பொரித்து வரும் குஞ்சுகள் கடலின் மங்கிய ஒளியை விட்டு விளக்கை நோக்கி நிலத்துக்குள் நடக்கும். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டச் சொன்னது இதற்காகத்தான்.

மணலில் டிராக்டர் சக்கரம் ஓடியதுபோல ஒரு தடம் கடலிலிருந்து மேலே ஏறியிருந்தால், அதைக் கடக்காமல், தோண்டாமல், படம் எடுக்க விளக்கடிக்காமல், முகாம் உரிமையாளரிடம் சொல்லுங்கள். அவர் வனத்துறைக்குத் தகவல் தருவார். பங்குனி ஆமை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. முட்டையைத் தொடுவதும் குற்றம்.

படுக்கும் முன் உணவு அனைத்தையும் மூடியுள்ள டப்பாக்களில் போட்டு வண்டிக்குள் வையுங்கள். நாய்கள் கூடாரத்தைக் கிழிப்பது உள்ளேயிருக்கும் சாப்பாட்டு மணத்துக்காகத்தான். செருப்புகளைக் கூடாரத்துக்குள் ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டு, காலையில் தட்டிப் பார்த்து அணியுங்கள். இரவில் வெளியே வரும்போது டார்ச் இல்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள்; கொங்கண் பகுதியில் விரியன் வகைப் பாம்புகள் உண்டு. மேல்விரிப்பின் காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து மூடிவிட வேண்டாம். மூடினால் மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

10. கலைத்துப் புறப்படுதல்

விடிந்தவுடன் மடிக்க அவசரப்படாதீர்கள். மேல்விரிப்பு பனியில் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். அதைக் கழற்றிக் கயிற்றில் போட்டு ஒன்பது மணி வெயில் வரை உலரவிடுங்கள். ஈரத்தோடு உருட்டி, மும்பை வீட்டின் லாஃப்டில் வைத்த கூடாரத்தில் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நாற்றம் ஏறிவிடும்.

கழற்றும் வரிசை அடித்ததற்குத் தலைகீழானது: காற்று வரும் பக்கத்துக் கயிறுகளைக் கடைசியில் அவிழுங்கள். புதைத்த பைகளைத் தோண்டி எடுத்து மணலை அங்கேயே கொட்டிவிட்டுப் பைகளை எண்ணிச் சரிபாருங்கள். மறந்து விட்டுப்போன நைலான் கயிறு கன்றுக்குட்டியின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். குழிகளை நிரவி மூடுங்கள். குப்பையை ஊரின் தொட்டியில் போட்டுவிட்டு வராமல் மும்பைக்கே எடுத்து வாருங்கள். சிறிய கிராமப் பஞ்சாயத்துகளால் வாரயிறுதிக் கூட்டத்தின் பிளாஸ்டிக்கை அள்ளி மாள முடிவதில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே, களைப்பாக இருந்தாலும், கம்புகளையும் ஜிப்புகளையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஜிப்பின் பற்களுக்கிடையே உள்ள மணலைப் பெயின்ட் பிரஷால் முதலில் உலர்வாகவே துலக்கிவிட்டு, அதன் பிறகே நனைக்க வேண்டும். நனைத்த பின் துலக்கினால் மணல் பற்களில் அப்பிக்கொள்ளும். உப்பு தங்கிய ஜிப் பச்சை பூத்து இறுகிவிடும். இழுக்கும்போது துணியோடு கிழியும். உலர்ந்த பின் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் பற்களின் மேல் இரண்டு முறை தேய்த்து, ஜிப்பை மூடித் திறந்து பார்த்துவிட்டு, கூடாரத்தை இறுக்கமாக உருட்டாமல் தளர்வாக மடித்துப் பருத்திப் பையில் வையுங்கள்.